டயர் காற்று எச்சரிக்கை விளக்கு: எரியும் விதத்தை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறுக்கும் காரில் ஏறி இறங்குபவர்களை அடிக்கடி குழப்புவது, மீட்டர் போர்டில் மஞ்சளாக எரியும் டயர் விளக்கு. குதிரை லாடம் போன்ற ஒரு வளைவும் அதற்குள் ஓர் ஆச்சரியக்குறியும் சேர்ந்ததுதான் அதன் வடிவம். அதைப் பார்த்ததும் சிலர் 'சென்சார் கோளாறு' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓட்டுகிறார்கள். வேறு சிலர் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, சூடாக இருக்கும் டயரில் கண்ணை மூடிக்கொண்டு காற்றை ஏற்றுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. விளக்கு ஒன்றே என்றாலும், அது எந்த நேரத்தில் எரிந்தது, நிலையாக எரிந்ததா அல்லது மின்னியதா, காற்றுப் பிடித்த பின் அணைந்ததா என்பதைப் பொறுத்துக் காரணம் மாறுகிறது. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் ஒரே நாளில் முப்பது டிகிரி வெப்ப வேறுபாட்டையும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயர வேறுபாட்டையும் அவர்களுடைய டயர்கள் சந்திக்கின்றன.

தொடங்குவதற்கு முன் மூன்று விவரங்கள்

முதலாவது, சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது என்பது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், முன் டயருக்கும் பின் டயருக்கும் எவ்வளவு, ஓரிருவர் செல்லும்போது எவ்வளவு, முழுச் சுமையில் எவ்வளவு என்று அச்சிடப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவு அன்று. பஞ்சர் கடைகளில் 'எல்லாக் காருக்கும் 35' என்று வைத்துவிடும் பழக்கம் இருப்பதால், அளவை நாமே சொல்லிக் கேட்பது நல்லது.

இரண்டாவது, அந்த ஸ்டிக்கர் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. கார் குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் நான்கு, ஐந்து பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தாழ்ந்திருக்கும், விளக்கும் எரியும்.

மூன்றாவது, உங்கள் காரில் இருப்பது எந்த வகை அமைப்பு என்பது. திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் தெரிந்தால், ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வை ஒட்டி ஒரு சென்சார் இருக்கிறது என்று பொருள். எண் எதுவும் இல்லாமல் விளக்கு மட்டுமே எரிந்தால், அது பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும்) அமைப்பின் வீல் வேகக் கணக்கை வைத்து ஊகிக்கும் வகை. காற்றுக் குறைந்த டயரின் சுழல் ஆரம் சற்றுச் சிறுத்துவிடுவதால், அது மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும். அந்த வேறுபாட்டைத்தான் இந்த அமைப்பு கவனிக்கிறது. காற்றை அது நேரடியாக அளப்பதே இல்லை. எந்த வகை என்பதில் ஐயம் இருந்தால் காருடன் தந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணைந்துவிடுகிறது

இது கோளாறு அன்று. விளக்கு வேலை செய்கிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. மாறாக, இந்த விளக்கு உள்ள காரில் சாவியைத் திருப்பும்போது அது ஒரு முறைகூட எரியாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அதிகாலையில் எரிகிறது, சிறிது தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிறது

மலைக்குச் சென்று இரவு தங்குபவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான். சென்சார் பழுது என்று பலர் முடிவுகட்டிவிடுவதும் இந்த இடத்தில்தான். உண்மையில் சென்சார் சரியாகத்தான் சொல்கிறது.

கணக்கு எளிது. டயருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். சாதாரணக் காரின் டயரில் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் குறைவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். போடியில் 35 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு கிளம்பிய ஒருவர், சனவரி மாத இரவில் மூணாறில் காரை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் அங்கே 5 டிகிரி. இந்த 30 டிகிரி வீழ்ச்சியால் மட்டும் நான்கரை பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் இறங்கிவிடும். இருந்தாலும் 33-ல் கிளம்பியவருக்கு விளக்கு எரியாது, ஏனெனில் எச்சரிக்கை எல்லை அதற்கும் கீழே இருக்கிறது. அமெரிக்க விதியில் ஸ்டிக்கர் அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தாலும், ஐரோப்பிய விதியில் 20 விழுக்காடு குறைந்தாலும் விளக்கு எரிய வேண்டும். கார் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த எல்லைகளை ஒட்டியே அமைக்கின்றன. 33-ல் 25 விழுக்காடு போனால் மீதம் ஏறத்தாழ 25.

ஆனால் மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காமல் 29-ல் கிளம்பியவருடைய நிலை வேறு. எந்த ஓட்டையும் இல்லாத டயரும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ இழக்கும் என்பதால் 29-க்கு வருவது எளிது. சமவெளியில் அந்த 29 எந்த விளக்கையும் எரியவிடவில்லை; மூணாற்றுக் குளிர் அதை எல்லைக்குக் கீழே தள்ளிவிடுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி டயர் சூடேறியதும் அழுத்தம் உயர்ந்து விளக்கு அணையக்கூடும். அணைந்ததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த டயரில் காற்று முன்பே குறைவாகத்தான் இருந்தது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. மலையில் சில நாள் தங்குவதாக இருந்தால், அங்கேயே காலையில், கார் கிளம்புவதற்கு முன் அளந்து, ஸ்டிக்கர் அளவுக்குக் காற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றே இறங்குவதாக இருந்து நான்கு டயரும் ஒரே அளவில் குறைந்திருந்தால், கையில் பம்பு இருந்தால் ஏற்றிக்கொண்டும், இல்லையென்றால் நிதானமாக ஓட்டி வழியில் முதலில் வரும் பங்கில் ஏற்றிக்கொண்டும் போகலாம். மலையில் நிரப்பிய காற்றோடு வெயிலுக்குள் இறங்கும்போது அழுத்தம் கூடும். அதற்காக வழியில் நிறுத்தி, சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை அடிக்கடி மிதிப்பதால் ரிம்மும் சூடாகி, எண் இன்னும் சற்று ஏறிக் காட்டும். வீடு வந்து, மறுநாள் காலையில் அளந்து சரிசெய்தால் போதும். நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லையே இராது என்று சில கடைகளில் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பம் குறைந்தால் அதன் அழுத்தமும் இதே அளவில்தான் குறையும்.

கையால் அளந்த எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒத்துப்போகவில்லை

சமவெளியில் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ வேறுபாடு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்; கடைகளில் கைமாறிக் கைமாறிக் கீழே விழுந்த காற்றளக்கும் கேஜ்கள் அதைவிட அதிகமாகவே தவறும். நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கும் சொந்தக் கேஜ் ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே நம்புவது சிறந்தது.

மலையில் இந்த வேறுபாடு இன்னும் விரியும், அதற்குத் தனிக் காரணம் உண்டு. கையால் அளக்கும் கேஜ், டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறில் வெளிக்காற்றின் அழுத்தம் போடியைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் பிஎஸ்ஐ குறைவு என்பதால், கேஜ் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். வீலுக்குள் இருக்கும் சென்சாரோ மூடிய அறையில் முழு அழுத்தத்தையும் அளக்கிறது. அதிலிருந்து கடல்மட்ட அளவை மாறாத எண்ணாகக் கழித்துக் காட்டும் கார்களில் உயரத்தின் விளைவு திரையில் தெரியாது. ஆகவே குளிர்ந்த காலையில் கேஜ் 30 என்றும் திரை 28 என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று பொருளல்ல. காற்று நிரப்பும்போது கேஜைப் பின்பற்றுங்கள். விளக்கு எரியுமா என்பதைத் திரை எண் தீர்மானிக்கும் என்பதால், எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிகிறது

ஓடி ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடத்தான் வேண்டும். அப்படியிருக்க நடுவழியில் விளக்கு எரிகிறது என்றால் காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பானது. எண் காட்டும் கார்களில் ஒரு டயர் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் இறங்குவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதும், பின்பக்கம் தள்ளாடுவதும், வழக்கமில்லாத 'தப் தப்' ஒலியும் இதை உறுதிசெய்யும்.

வேகத்தை மெல்லக் குறையுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். லோயர் கேம்புக்கும் குமுளிக்கும் இடையே இருப்பது போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் நிறுத்தவே கூடாது. சபரிமலைக் காலத்தில் அந்தப் பாதையில் பின்னால் வரும் பேருந்துக்கு உங்களைப் பார்த்து நிறுத்த இடம் இருக்காது. வளைவைத் தாண்டி, இருபுறமும் பார்வை தெரியும் அகலமான இடம் வரும்வரை மெதுவாக உருட்டிச் செல்வதால் டயர் பாழானாலும் பரவாயில்லை. நிறுத்தியதும் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்துச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியைச் சரிவில் வைத்துத் தூக்குவது ஆபத்து என்பதால், முடிந்தவரை சமதளம் தேடுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாகத் தூக்கிப் போடுவதும் உங்கள் வேலைதான். சாலை நடுவே விட்டுப்போகும் கற்களால் இருட்டில் இருசக்கர வாகனங்கள் விழுகின்றன.

இங்கே ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் சிலருக்கு அங்கே சக்கரத்துக்குப் பதில் ஒரு சிறு கம்ப்ரசரும் ஒரு பாட்டில் பசையும்தான் இருக்கும். அந்தப் பசை, டயர் தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்திய சிறு ஓட்டைக்கு மட்டுமே உதவும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. பாட்டிலில் காலாவதித் தேதியும் உண்டு. பசை ஊற்றிய டயரைக் கழற்றும் கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் சென்சாரின் சிறு துளையைப் பசை அடைத்துக்கொண்டால் துடைத்துச் சரிசெய்ய வேண்டிவரும்.

காற்றுப் பிடித்த பிறகும் அணையவில்லை

வீலுக்குள் சென்சார் உள்ள காராக இருந்தால், முதலில் சில நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள். நிற்கும் சக்கரத்தில் சென்சார் பேட்டரியை மிச்சப்படுத்திக்கொண்டு உறக்க நிலையில் இருப்பதால், சக்கரம் சுழன்ற பிறகே புதிய எண்ணை அனுப்பும். அப்படியும் அணையாவிட்டால், ஸ்டிக்கர் அளவுக்கு உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று டயர் குளிர்ந்த பின் மறுபடி அளக்க வேண்டும். பங்கில் சூடான டயரில் 33 வைத்தால், குளிர்ந்த பின் அது 29 ஆகிவிடும்.

வீல் வேகத்தை வைத்து ஊகிக்கும் வகையாக இருந்தால், காற்றுப் பிடிப்பது பாதி வேலைதான். ரீசெட் பொத்தானையோ திரையில் உள்ள அமைப்புப் பட்டியலையோ பயன்படுத்தி, 'இப்போதுள்ள நிலைதான் சரியான நிலை' என்று காருக்குச் சொல்ல வேண்டும். அதன்பின் அது சிறிது நேரம் ஓடிப் புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும். இதில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு டயரையும் அளக்காமல், விளக்கு அணைந்தால் போதும் என்று ரீசெட் செய்பவர், காற்றுக் குறைந்த நிலையையே சரியான நிலையாகக் காருக்குக் கற்பித்துவிடுகிறார். அதன்பின் அந்த விளக்கு இருந்தும் பயனில்லை. டயர் மாற்றினாலும், இடம் மாற்றிப் பூட்டினாலும், அளந்து முடித்துவிட்டு ரீசெட் செய்வது அவசியம்.

ஒரே டயரில் வாரந்தோறும் குறைகிறது

இது மெல்லக் கசியும் ஓட்டை. ஒரு குவளைத் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய பிரஷ்ஷால் டயரில் தடவிக்கொண்டே வாருங்கள். முதலில் வால்வின் வாய்: மூடியைக் கழற்றி ஒரு சொட்டு விட்டால், உள்ளே உள்ள ஊசி (பின்) தளர்ந்திருக்கும்போது கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதி உடைந்து, மறுபடி ஊதும். அது தென்பட்டால் சில ரூபாய்ச் செலவில் பின்னை மாற்றி முடித்துவிடலாம். அடுத்தது வால்வின் அடிப்பாகம். ரப்பர் வெடித்திருந்தால் அங்கே நுரை கட்டும். பின்பு தரையைத் தொடும் பகுதி. மலைச்சாலை ஜல்லி, ஆணி, ஜீப்புகளிலிருந்து உதிரும் சிறு போல்ட் ஆகியவை ரப்பரின் இடுக்கில் புதைந்து, தலை மட்டும் பளபளவென்று தெரியும். அதைப் பார்த்த இடத்திலேயே பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் மெல்லக் கசிந்தது முழுவேகத்தில் வெளியேறும். பஞ்சர் கடைக்குப் போன பின் எடுக்கட்டும். கடைசியாக, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. பள்ளத்தில் இடித்து அலாய் வீலின் விளிம்பு வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவு அங்கேதான் இருக்கும்.

கடையில் டயரைக் கழற்றுவதற்கு முன், 'அண்ணே, இந்த வீல்ல சென்சார் இருக்கு, வால்வு பக்கமா கழட்டுற கட்டையை வைக்காதீங்க' என்று சொல்லிவிடுவது நல்லது. எல்லைக்கு அப்பால் குமுளியில் 'சேட்டா' என்று தொடங்கினாலும் இதே தமிழ் அங்கே புரியும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் கருவி வால்வுக்கு அருகில் இறங்கினால், சென்சார் நொடியில் உடைந்துவிடும். சென்சார் வால்வுகளுக்குப் பளபளப்பான பித்தளை மூடிகள் போடுவதையும் தவிர்க்கலாம். அலுமினியத் தண்டோடு சேர்ந்து துருப்பிடித்து, திருகினால் தண்டே முறிந்து வரும். சாதாரண பிளாஸ்டிக் மூடியே போதுமானது.

ஒரு நிமிடம் போல மின்னி, பிறகு நிலையாக எரிகிறது

காற்றுக் குறைவைச் சொல்வதற்கான விதம் இது அன்று. சாவி போட்டதும் அறுபது முதல் தொண்ணூறு நொடி வரை மின்னி, பின் நிலைத்து எரிந்தால், கண்காணிப்பு அமைப்பே வேலை செய்யவில்லை என்று கார் சொல்கிறது. அப்போது நான்கு டயரிலும் காற்றைக் கையால் அளந்து சரியாக இருந்தால், பயணத்தைத் தொடரலாம். ஆனால் அந்தப் பயணத்தில் டயருக்கு எச்சரிக்கை இல்லை என்பதை நினைவில் வைத்து, இடையிடையே இறங்கிப் பார்க்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் சென்சாரின் பேட்டரி. சென்சாருக்குள் அடைத்து ஒட்டப்பட்ட அந்தப் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை உழைக்கும். தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்ற இயலாது, சென்சாரையே மாற்ற வேண்டும். ஒன்று தீர்ந்தால் மற்றவையும் அதே வயதுதான் என்பதால், புது டயர் போடும்போது நான்கையும் சேர்த்து மாற்றினால் கழற்றும் கூலி ஒரு முறையோடு முடியும். புதிய சென்சாரின் அடையாள எண்ணைக் காருக்குப் பதிவுசெய்து தரக் கருவி தேவை. அது உள்ள கடையில்தான் மாற்ற வேண்டும். சென்சார் இல்லாத ஸ்டெப்னி பூட்டியிருந்தாலும் விளக்கு இப்படித்தான் மின்னும். பஞ்சர் ஒட்டிய பழைய சக்கரத்தைத் திரும்பப் பூட்டினால் தானாகச் சரியாகும். சிகரெட் லைட்டர் இடத்தில் செருகியிருக்கும் மலிவான சார்ஜர்களும் கேமராக்களும், சென்சார் எண்ணை அனுப்பும் ரேடியோ அலையில் குறுக்கிடுவது உண்டு என்பதால், செலவு செய்வதற்கு முன் அவற்றைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

தவறான டயரைச் சுட்டுகிறது என்றால், சக்கரங்களை இடம் மாற்றிய பிறகு காருக்குப் பதிவுசெய்து தரவில்லை என்பதே காரணம்.

விளக்கு எரியவில்லை, ஆனால் டயர் தட்டையாகத் தெரிகிறது

வேகக் கணக்கை நம்பும் அமைப்புக்கு நான்கு டயரும் சேர்ந்தாற்போல ஒரே அளவில் குறைந்தால் வித்தியாசமே தெரியாமல் போகலாம். சென்சார் உள்ள அமைப்பும், 20 முதல் 25 விழுக்காடு போகும் வரை வாயைத் திறக்காது. 33 இருக்க வேண்டிய டயர் 27-ல் ஓடும்போது, பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. ஏழு பேரையும் மேலே இருமுடிகளையும் படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் வண்டியில் இந்தச் சூடு இன்னும் கூடுகிறது. முழுச் சுமைக்கு ஸ்டிக்கரில் தனியாக ஓர் அளவு அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். பின் டயர்களில் அது கணிசமாகக் கூடுதலாக இருக்கும். கிளம்புவதற்கு முன்பாகவே அந்த அளவை வைத்துக்கொள்ள வேண்டும், காலி வண்டியாகத் திரும்பிய பின் குளிர்ந்த டயரில் பழைய அளவுக்கு இறக்கிவிடலாம்.

ஏல எஸ்டேட்டுகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளில் இந்த விளக்கு கிடையாது. அவற்றின் ஓட்டுநர்கள் காலால் உதைத்துப் பார்த்துக் காற்றை மதிப்பிடுவார்கள். கனத்த சுவர் கொண்ட அந்த டயர்களில் அது ஓரளவு ஒத்துவரும். இன்றைய கார்களின் டயரைப் பார்வையாலோ உதைத்தோ மதிப்பிட முடியாது. 33-ம் 26-ம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மாதம் ஒரு முறையும், மலையேறும் பயணத்துக்கு முந்தைய காலையிலும் கேஜால் அளப்பது தவிர வேறு வழியில்லை. அப்போது ஸ்டெப்னியையும் சேர்த்து அளந்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்குள் சென்சார் கிடையாது. ஆண்டுக்கணக்கில் டிக்கியின் அடியில் கிடந்து காற்றிறங்கிப் போன அதைப் பற்றி எந்த விளக்கும் உங்களிடம் சொல்லப்போவதில்லை.